தாடைக்கு இறங்கிய மாஸ்க்: நிபுணர்கள் மேல் நமக்கு ஏன் சந்தேகம் வந்தது?

2020, 2021-ல் புதுக்கோட்டைப் பக்கம் பைக் ஓட்டிய எல்லோருக்கும் இந்த டெக்னிக் அத்துப்படி. மாஸ்க் தாடையில் இருக்கும். தூரத்தில் போலீஸ் பேரிகாட் தெரிந்ததும் மூக்குக்கு ஏறும். நாலு கடை தாண்டியதும் மறுபடி தாடைக்கு இறங்கும். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பைக் கண்ணாடியிலேயே ஒரு மாஸ்க்கை நிரந்தரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலும் மழையும் தூசியும் வாங்கி, அது கறுத்துப்போய்க் கிடக்கும்.

யாருக்குப் பயந்து அதை மாட்டினோம்? கொரோனாவுக்கா, 200 ரூபாய் ஃபைனுக்கா?

"நம்ம ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போவது ரொம்ப ஈஸி. ஆனால் இதே ஜனங்கள்தான், வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, வெளியாட்களை உள்ளே விடாமல், குழம்பு தாளிக்கக்கூடச் செய்யாமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நாள்கணக்கில் கட்டுப்பாடாக இருப்பவர்கள். அதற்கு எந்த அரசாணையும் கிடையாது, ஃபைனும் கிடையாது. ஆக, நோய்க்காகக் கட்டுப்படுவது நமக்குப் புதுசில்லை. மாஸ்க் விஷயத்தில் மட்டும் ஏன் மனசு ஒட்டவில்லை? இதற்குப் பதில் தேட, 2020-ன் முதல் சில மாதங்களுக்குக் கொஞ்சம் ரீவைண்ட் பண்ண வேண்டும்.

மார்ச்சில் 'வேண்டாம்', ஏப்ரலில் 'கட்டாயம்'

இந்தியாவின் முதல் கொரோனா தொற்று 2020 ஜனவரி 30-ல் கேரளாவில் உறுதியானது. தமிழ்நாட்டில் முதல் தொற்று மார்ச் 7. அப்போது மாநில சுகாதாரத்துறை அமைச்சராக இருந்தவர் சி.விஜயபாஸ்கர். நம்ம விராலிமலைத் தொகுதியின் எம்.எல்.ஏ, படிப்பால் டாக்டரும்கூட. ஆக, டி.வி-யில் வந்த கொரோனா முகங்களில் ஒன்று, இந்த மாவட்டத்துக்கு ஏற்கெனவே பழகிய முகம்.

ஆனால், மாஸ்க் பற்றிய அறிவுரை விராலிமலையில் இருந்தோ சென்னையில் இருந்தோ தொடங்கவில்லை. பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரல் ஜெரோம் ஆடம்ஸ், மாஸ்க் வாங்குவதை நிறுத்துங்கள், பொதுமக்களுக்கு அது பலன் தராது என்று ட்விட்டரில் எழுதினார். உலக சுகாதார நிறுவனமும், நோயாளியைக் கவனித்துக்கொள்கிறவர் தவிர மற்ற ஆரோக்கியமான ஆட்களுக்கு மாஸ்க் தேவையில்லை என்ற நிலையில்தான் இருந்தது. நம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலும் அதையேதான் சொன்னது: அறிகுறி இல்லாதவர்கள் மருத்துவ மாஸ்க் போட வேண்டாம், போட்டால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற பொய்யான தைரியம் வந்து, கை கழுவுவதை விட்டுவிடுவார்கள்.

இன்னொரு பக்கம், மெடிக்கல் ஷாப்களில் மாஸ்க்கே இல்லை. மார்ச் 13 அன்று மத்திய அரசு மாஸ்க்கையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அடுத்த வாரமே இரண்டடுக்கு மாஸ்க் 8 ரூபாய், மூன்றடுக்கு மாஸ்க் 10 ரூபாய் என்று உச்ச விலையும் நிர்ணயித்தது. தேவையே இல்லாத பொருளுக்கு எதற்குங்க விலைக் கட்டுப்பாடு? அப்போதே பலர் மனதில் இந்தக் கேள்வி வந்திருக்கும்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாகத் தலைகீழானது. மார்ச் 31-ல் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம், வீட்டிலேயே துணி மாஸ்க் தைப்பது எப்படி என்று ஒரு கையேடு வெளியிட்டது. ஏப்ரல் 3-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பொதுமக்களைத் துணி மாஸ்க் போடச் சொன்னது. ஏப்ரல் 14-ல் பிரதமர் மோடி முகத்தில் துண்டைச் சுற்றியபடி டி.வி-யில் தோன்றினார். அடுத்த நாள், உள்துறை அமைச்சகத்தின் உத்தரவுப்படி பொது இடங்களில் மாஸ்க் நாடு முழுக்கக் கட்டாயமானது. உலக சுகாதார நிறுவனம் தன் அறிவுரையை மாற்றியது ஜூன் 5-ல்.

புதுக்கோட்டையின் கோணத்தில் இருந்து இதைப் பாருங்க. ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் மாவட்டத்தில் ஒரு தொற்றுகூடப் பதிவாகவில்லை. அதாவது, நோய் வருவதற்கு முன்பே 'வேண்டாம்' வந்தது, 'போடுங்க' வந்தது, 'போட்டே ஆகணும்' வந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏன் மாறினோம் என்ற விளக்கம் மட்டும் வரவே இல்லை.

நிபுணர்கள் பொய் சொன்னார்களா?

இந்தக் கேள்விக்கு 'ஆமாம்', 'இல்லை' என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்க. அந்த 'வேண்டாம்'-க்குப் பின்னால் பல விஷயங்கள் கலந்திருந்தன.

முதலாவது, தட்டுப்பாடு. உலகம் முழுக்க டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்குமே மாஸ்க் போதவில்லை. பொதுமக்கள் அள்ளிக்கொண்டு போனால் மருத்துவமனை வார்டில் வேலை செய்பவர்கள் வெறும் முகத்தோடு நிற்க வேண்டியதுதான். இது உண்மையான, நியாயமான பயம். இரண்டாவது, கொரோனா பெரும்பாலும் இருமல், தும்மலில் தெறிக்கும் பெரிய துளிகளால் பரவுகிறது. அவை சில அடி தூரத்திலேயே கீழே விழுந்துவிடும் என்ற நம்பிக்கை. அப்படியென்றால் இடைவெளி விட்டாலே போதும். மூன்றாவது, அறிகுறியே இல்லாதவர்களும் பரப்புவார்கள் என்பது அப்போதுதான் மெல்ல மெல்லத் தெரியவந்தது. தெரிந்ததும் கணக்கு மாறியது. யாருக்கு நோய் இருக்கிறது என்றே தெரியாதபோது, எல்லோரும் போட்டால்தானே பலன்?

இரண்டாவதும் மூன்றாவதும் அறிவியல் வளரும் விதம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் முதலாவதில்தான். 'டாக்டர், நர்ஸுக்கே பத்தலை, அவங்களுக்கு விடுங்க, நீங்க வீட்டுத் துணியில தைச்சுப் போட்டுக்கோங்க' என்று நேரடியாகச் சொல்லியிருக்கலாம். கஜா புயலில் ஒரு ஜெனரேட்டரை ஏழெட்டு வீட்டுக்குப் பகிர்ந்து தண்ணி ஏற்றிய மாவட்டத்துக்கு இது புரியாதா என்ன? அதற்குப் பதில், 'உங்களுக்கு அது பலன் தராது' என்று சொல்லப்பட்டது. டாக்டரைக் காப்பாற்றுகிற மாஸ்க் என்னை ஏன் காப்பாற்றாது என்று பத்தாவது படிக்கிற பையன்கூடக் கேட்பான். ஒரு மாதம் கழித்து 'கட்டாயம்' என்றபோது, முதலில் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்ற சந்தேகம் வருவது இயல்புதான். அந்தச் சந்தேகப்பட்டவர்களை முட்டாள்கள் என்று கிண்டல் செய்தது அதைவிடப் பெரிய தப்பு என்பது என் கருத்து.

காற்று விவகாரம் இன்னும் நீளமாக இழுத்தது. 2020 மார்ச் 28-ல் உலக சுகாதார நிறுவனம், கோவிட் காற்றில் பரவும் நோய் கிடையாது என்று 'ஃபேக்ட் செக்' பாணியில் பதிவு போட்டது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றில் பரவுவதைக் கவனத்தில் எடுங்கள் என்று பொதுக் கடிதம் எழுதினார்கள். அந்த நிறுவனத்தின் இணையப் பக்கம் அதைத் தெளிவாக ஒப்புக்கொள்ள 2021 ஏப்ரல் இறுதி ஆனது. அப்போது அங்கே தலைமை விஞ்ஞானியாக இருந்தவர் நம்ம சென்னைக்காரர், டாக்டர் சௌமியா சுவாமிநாதன். 2022 நவம்பரில் பதவியில் இருந்து விலகும் நேரத்தில், 'சயின்ஸ்' இதழுக்கு அளித்த பேட்டியில், காற்றில் பரவும் என்பதை இன்னும் முன்னதாகவே சொல்லியிருக்க வேண்டும் என்று அவரே ஒப்புக்கொண்டார். மேல் மட்டத்தில் இருக்கும் ஒரு நிபுணர் இப்படி வெளிப்படையாகச் சொல்வது அபூர்வம். ஆனால், 'மாஸ்க் வேண்டாம்' ஃபார்வர்டு போன வேகத்தில் பாதிகூட இந்தச் செய்தி போகவில்லை.

கஜா சொல்லிக்கொடுத்தது

நிபுணர் பேச்சு மாறினாலே அவர் ஃபிராடு என்று நினைத்தால், புதுக்கோட்டைக்காரர்கள் வானிலை ஆய்வு மையத்தை எப்போதோ கைகழுவியிருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் உருவானபோது, அது வட தமிழகம், தென் ஆந்திரக் கரையை நோக்கி வரும் என்றுதான் முதல் அறிவிப்புகள் சொன்னன. நாள் போகப்போகக் கணிப்பு தெற்கே நகர்ந்தது. நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, நேராக நம் ஆலங்குடி, கறம்பக்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போனது.

கணிப்பு மாறியதற்காக யாரும் 'சதி' என்று சொல்லவில்லை. ஏன்? புயல் நகர நகர, சாட்டிலைட் படத்தோடு, 'இப்போ இங்கே இருக்கு, இப்படித் திரும்பியிருக்கு' என்று ஒவ்வொரு சில மணி நேரத்துக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மாறுவதற்கான காரணம் நம் கண் முன்னால் இருந்தது. மாஸ்க் விஷயத்தில் 'இன்றைக்குத் தெரிந்தது இது, அடுத்த வாரம் மாறலாம்' என்று முதல் நாளே யாரும் சொல்லவில்லை.

அறிவியலில் பேச்சு மாறுவது நல்லதாக முடிந்த கதைக்கும் சென்னையே சாட்சி. 1950-களில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும் என்பதுதான் உலக டாக்டர்களின் கருத்து. சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கிறது, வீட்டில் இருப்பவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று 1959-ல் ஆதாரத்தோடு காட்டியது. உலகமே வழக்கத்தை மாற்றிக்கொண்டது. இன்றைக்கு நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.பி மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுகிறோம் என்றால், அன்றைக்கு நிபுணர்கள் பேச்சை மாற்றியதால்தான்.

பக்கத்து சீட் பீடிப் புகை

சரி, மாஸ்க் உண்மையில் வேலை செய்யுமா? இதைப் புரிந்துகொள்ள ஒரு எளிய வழி, புகை.

டவுன் பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவர் பீடி பிடித்துவிட்டு ஏறியிருக்கிறார். மூன்று சீட் தள்ளி உங்களுக்கு அந்த வாடை வருகிறது என்றால், அவர் மூச்சு உங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஜன்னல் திறந்திருந்தால் வாடை சீக்கிரம் போய்விடும். ஏ.சி பஸ்ஸில் கண்ணாடி மூடியிருந்தால் சுற்றிச் சுற்றி வரும். சாம்பிராணியைத் திண்ணையில் போட்டால் கலைந்துவிடும், அறைக்குள் போட்டால் தங்கிவிடும். கொரோனா, டி.பி, தட்டம்மை போன்றவை பெரும்பாலும் இப்படிப் புகை மாதிரிதான் பரவுகின்றன. ஆறடி இடைவெளி விட்டு வட்டம் போட்டு நின்றும், மூடிய கல்யாண மண்டபத்தில் எல்லோருக்கும் தொற்றியதற்குக் காரணம் இதுதான்.

புகையைத் தடுக்க முகத்தோடு ஒட்டும் தடுப்பு வேண்டும். ஒற்றைத் துணி மாஸ்க் எச்சில் தெறிப்பதை ஓரளவு நிறுத்தும்; நுண்துளிகளைப் பெரிதாகத் தடுக்காது. மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் அதைவிட மேல், ஆனால் கன்னத்துப் பக்கம் இடைவெளி விடும். என்95 சரியாகப் பொருந்தினால், பிடிக்கக் கஷ்டமான 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவிகிதத்தை வடிகட்டும். அதன் இழைகளில் மின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கும். சீப்பில் முடி ஒட்டுவது போலத் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்த மின்னூட்டம் போய்விடும். என்95-ஐத் துவைத்துக் கொடியில் காயப்போட்ட வீடுகள் நிறைய. அதற்குப் பிறகு அது சாதாரணத் துணிதான்.

முன்பக்கம் சின்ன பிளாஸ்டிக் வால்வு வைத்த என்95, அப்போது கெத்தாகப் பார்க்கப்பட்டது. ஆனால், அந்த வால்வு நாம் விடும் மூச்சை வடிகட்டாமல் அப்படியே வெளியே தள்ளும். நமக்குத் தொற்று இருந்தால் எதிரில் இருப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத்துறை, பொதுமக்கள் வால்வு வைத்த மாஸ்க் போட வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

'மாஸ்க் வேஸ்ட்னு ஆராய்ச்சியிலேயே சொல்லிட்டாங்க' என்று ஒரு ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கலாம். பெரும்பாலும் அது இரண்டு இடங்களில் இருந்து வரும். ஒன்று, 2020 நவம்பரில் வெளியான டென்மார்க் ஆய்வு. சுமார் 6,000 பேர் பங்கேற்றார்கள். மாஸ்க் போடச் சொன்ன குழுவில் 1.8 சதவிகிதம் பேருக்கும், மற்ற குழுவில் 2.1 சதவிகிதம் பேருக்கும் தொற்று. வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால், அது போடுகிறவருக்கு என்ன பலன் என்று மட்டும் பார்த்த ஆய்வு. சுற்றியிருப்பவர்களுக்குக் கிடைக்கும் பலன் அதில் கணக்கில் இல்லை.

இன்னொன்று, 2023 ஜனவரியில் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு. 'மாஸ்க் வேலை செய்யாது என்று நிரூபணம்' என்று உலகமே தலைப்புப் போட்டது. மார்ச்சில் காக்ரேன் அமைப்பின் தலைமை ஆசிரியர் கார்லா சோரஸ்-வைசர், அப்படிப் புரிந்துகொள்வது தவறு, ஆதாரங்கள் முடிவாக எதையும் சொல்லவில்லை என்று விளக்கம் கொடுத்தார். 'தெரியவில்லை'-க்கும் 'இல்லை'-க்கும் உள்ள தூரம், தலைப்பு எழுதும்போது காணாமல் போய்விட்டது.

நமக்கு ரொம்ப நெருக்கமான ஆய்வு பங்களாதேஷில் நடந்தது. 600 கிராமங்கள், சுமார் 3.4 லட்சம் பெரியவர்கள். சந்தை, மசூதி, டீக்கடை, வெயில், வியர்வை எல்லாம் நம்ம ஊர் மாதிரியேதான். பாதிக் கிராமங்களில் மாஸ்க்கை இலவசமாக வீடு தேடிக் கொடுத்து, ஏன் போட வேண்டும் என்று விளக்கி, ஊரில் மதிப்புள்ளவர்களைப் போடவைத்து, சந்தையிலும் மசூதியிலும் நேரில் நினைவுபடுத்தினார்கள். அங்கே மாஸ்க் போடுவோர் 13 சதவிகிதத்தில் இருந்து 42 சதவிகிதமாக உயர்ந்தார்கள். சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியுடன் கூடிய தொற்று சுமார் 11 சதவிகிதம் குறைந்தது. 60 வயது தாண்டியவர்களிடம் சுமார் 35 சதவிகிதம். துணி மாஸ்க் கிராமங்களில் பலன் தெளிவாகத் தெரியவில்லை.

எனக்கு இதில் ரொம்பச் சுவாரஸ்யமாகத் தோன்றியது வேறொரு விஷயம். எஸ்.எம்.எஸ் நினைவூட்டல், ஊருக்குப் பரிசுத்தொகை போன்றவற்றையும் அவர்கள் சோதித்தார்கள். அவை கூடுதலாக ஒரு மாற்றத்தையும் தரவில்லை. எதிரே வந்து நின்று, 'மாஸ்க் போடுங்க' என்று சொல்லும் ஆள்தான் மாற்றியது. நமக்கோ ஒவ்வொரு போன் காலுக்கும் முன்னால் அந்த இருமல் காலர் டியூன்தான் கிடைத்தது.

பினாங்கு டாக்டரும் பிரெஞ்சு டாக்டரும்

மாஸ்க்கை நம்பாதவர்கள் படிக்காதவர்கள் என்று ஒரு நினைப்பு உண்டு. அதற்கு 1910-க்குப் போகலாம். சீனாவின் மஞ்சூரியாவில் நிமோனியா வகை பிளேக் பரவி சுமார் 60,000 பேர் இறந்தார்கள். அதைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்டவர் வூ லியென்-தே. கேம்பிரிட்ஜில் படித்த 31 வயது டாக்டர். பிறந்தது பினாங்கில்; நம்ம திருமயம் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்க்காரர்கள் கொண்டுவிற்கப் போன அதே பினாங்கு.

இது எலித்தெள்ளால் பரவவில்லை, மூச்சால் பரவுகிறது, எல்லோரும் பல மடிப்புத் துணி மாஸ்க் கட்டுங்கள் என்றார் வூ. அனுபவம் வாய்ந்த பிரெஞ்சு டாக்டர் ஜெரால்டு மெனி அதை ஏற்கவில்லை. மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாள்களில் அதே நோயில் இறந்துபோனார். அதன் பிறகுதான் நகரத்தில் எல்லோரும் மாஸ்க் கட்டினார்கள். பட்டமும் அனுபவமும் மட்டும் பார்த்து நம்பியிருந்தால், அன்றைக்கு எல்லோரும் மெனி பக்கம்தான் நின்றிருப்பார்கள். இளையவரான வூ உடற்கூறு ஆய்வு செய்து பார்த்துவிட்டுப் பேசினார். மெனி பழைய அனுபவத்தை வைத்துப் பேசினார்.

ஃபைன் வந்தது, நம்பிக்கை வந்ததா?

திரும்ப நம்ம ஊருக்கு வருவோம். 2020 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, 1939-ம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய். அதற்குமுன்பே ரேஷன் கடையில் ஆளுக்கு இரண்டு துணி மாஸ்க் இலவசமாகக் கொடுக்கும் திட்டமும் தொடங்கியிருந்தது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் தையல் மெஷினில் உட்கார்ந்து மாஸ்க்காகத் தைத்துத் தள்ளினார்கள்.

2021 ஜனவரி ஜல்லிக்கட்டுக்கு விதிமுறை வந்தது: 300 மாடுபிடி வீரர்களுக்கு மேல் கூடாது, பார்வையாளர்கள் பாதிதான், எல்லோருக்கும் மாஸ்க். தமிழ்நாட்டில் அதிக வாடிவாசல்கள் உள்ள மாவட்டம் நம்முடையது. திமிலைப் பிடிக்கப் பாயும் பையனின் மாஸ்க் எந்த நொடியில் கழன்று விழும் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்!

அதைக்கூட விடுங்க. ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். போஸ்டரில் தலைவர்கள் மாஸ்க்கோடு. கீழே கூட்டமோ தோளோடு தோள். எந்தக் கட்சியும் விதிவிலக்கில்லை. இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்த ஏப்ரல் 26-ல், சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தைக் கடுமையான வார்த்தைகளால் சாடியது. அந்த வார்த்தைகள் அதிகம் என்று உச்ச நீதிமன்றம் பிறகு சொன்னது வேறு கதை. மே 21-ல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. மொத்தத்தில் அரசுக் கணக்குப்படியே மாநிலம் இழந்தது 38,000-க்கும் மேற்பட்ட உயிர்களை. சைக்கிளில் போகும் கொத்தனாரிடம் 200 ரூபாய் வாங்கிய அதே சாலையில் ஆயிரக்கணக்கானோர் மாஸ்க் இல்லாமல் ஊர்வலம் போனால், அந்தக் கொத்தனார் மாஸ்க்கைப் பற்றி என்ன முடிவுக்கு வருவார்?

2022 ஜனவரியில் ஃபைன் 500 ஆனது. ஏப்ரல் தொடக்கத்தில் இனி ஃபைன் இல்லை என்றார்கள். சென்னை ஐ.ஐ.டி-யில் தொற்று கூட்டமாகப் பரவியதும், அதே மாதம் மூன்றாவது வாரத்தில் மறுபடி 500 வந்தது. அதற்குள் ஜனங்கள் மனதளவில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டார்கள்.

இதில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது வீட்டு வாசலில். காய்ச்சல் யாருக்கு இருக்கிறது என்று கேட்டு வீடு வீடாக வந்த கிராம சுகாதார செவிலியரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். நம் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டவர், நம் மதினியின் பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டவர். 'நர்ஸம்மா சொன்னாங்க' என்றால் அது வேற வெயிட். ஜெனீவா என்ன சொன்னது என்று யாருக்கும் தெரியாது. நர்ஸம்மா மாஸ்க்கோடு வந்து நின்றது தெரியும்.

புதுக்கோட்டைக்கு இது தெரியாத பாடமும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிப் பெண்கள் எனப் பல்லாயிரம் பேர் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எழுத்துப் படித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே ஊர் இளைஞர்கள், சம்பளம் வாங்காத தொண்டர்கள். 'பொம்பளை சைக்கிள் ஓட்டுறதா?' என்ற கிண்டலை அரசாணை போட்டு நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஓட்டிக் காட்டினார், நின்றுவிட்டது. உங்கள் அம்மாவோ அப்பத்தாவோ அந்தக் காலத்துச் சைக்கிள் கதை வைத்திருக்கக்கூடும், கேட்டுப் பாருங்க.

அடுத்த ஃபார்வர்டு வரும்போது

சந்தேகம் கொரோனாவோடு பிறக்கவில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்தியால் தமிழ்நாட்டில் ஏராளமான பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே யோசித்தார்கள். 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் மக்களுக்கு நம்பிக்கை தரவே பொதுவெளியில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி மாரடைப்பால் இறந்தார். அவர் இறப்புக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று தேசியக் குழு ஆய்வு செய்து சொல்ல அக்டோபர் ஆகிவிட்டது. அந்த ஆறு மாத இடைவெளியில் எத்தனை பேர் ஊசியைத் தள்ளிப்போட்டிருப்பார்கள்!

ஆகவே, ஒரு நிபுணர் பேசும்போது அவர் பட்டத்தைவிட இந்த விஷயங்களைக் கவனிக்கலாம். தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துச் சொல்கிறாரா? எதைப் பார்த்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்கிறாரா? பேசுவது அவருடைய துறைதானா? இதய நோய் நிபுணர் வைரஸைப் பற்றி யூடியூபில் பேசுவதும், கண் டாக்டரிடம் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். நூறு சதவிகிதம் உறுதி என்று அடித்துப் பேசுபவருக்குத்தான் வியூஸ் அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்றைக்கு மாஸ்க் எதற்கு?

கொரோனா ஃபைன் போய்விட்டது. ஆனால், மாஸ்க்குக்கு வேலை இன்னும் இருக்கிறது. உங்களுக்குச் சளி, இருமல் என்றால், வயதான தாத்தா பாட்டியோ, கைக்குழந்தையோ, கீமோதெரபி எடுப்பவரோ இருக்கும் வீட்டில் மாஸ்க் போட்டுக்கொள்வது நல்லது. அரசு மருத்துவமனை ஓ.பி வரிசையில் நிற்கும்போது மாஸ்க்கை மாட்டுவது இன்னும் நல்ல பழக்கம். மூடிய அறை, நிறைய இருமல்.

இந்த மாவட்டத்தில் மாஸ்க் அதிகம் தேவைப்படுவது கல்குவாரியிலும் கிரஷரிலும்தான். கல் உடைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது, டி.பி வரும் வாய்ப்பையும் அது கூட்டும். தலைத்துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு வேலை பார்ப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் துண்டு, கண்ணுக்குத் தெரியும் தூசியைத்தான் நிறுத்தும். நுரையீரலை அரிக்கும் நுண்தூசி நேராக உள்ளே போகும். அங்கே வேண்டியது, முகத்தோடு ஒட்டும் என்95. அதற்கும் முன்னால், தூசி கிளம்பாமல் கல்லில் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு. அது முதலாளி செய்து தர வேண்டியது.

உங்கள் வீட்டில் யாராவது அந்த வேலைக்குப் போகிறவராக இருந்து, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை என்றால், இருமல் சிரப் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்காதீங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. சளிப் பரிசோதனை இலவசம், டி.பி என்று தெரிந்தால் மாத்திரையும் இலவசம். கல் தூசியில் வேலை பார்க்கிறவர் என்பதை டாக்டர் கேட்கும் முன்பே நீங்களே சொல்லிடுங்க. எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்ய அந்த ஒரு தகவல் உதவும்.